3 டிபி டிஸ்க் 349 ஜிபி 'ரா' என்று காட்டுகிறது, ஃபார்மட் கொடுக்கலாமா?

செல்வா_திருப்பூர்:
எக்ஸ்டர்னல் டிஸ்க், 3 டிபி, விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வாங்கியது. டப்பாவின் யுஎஸ்பி போர்ட் ஆடி ஆடிக் கடைசியில் போயேவிட்டது. டிஸ்க்கைக் கழற்றி டெஸ்க்டாப்பில் நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டினேன். கிளிக் சத்தம் எதுவும் இல்லை. ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 349.31 ஜிபி ரா (ஃபைல் அமைப்பு புரியவில்லை என்று பொருளாம்), அடுத்து 1698.69 அன்அலொகேட்டட் (ஒதுக்காத இடம்), அதற்கடுத்து 746.52 அன்அலொகேட்டட். விண்டோஸ் ஃபார்மட் செய்யச் சொல்லி நச்சரிக்கிறது. உள்ளே அப்பாவின் ஸ்டுடியோ கல்யாண ஆல்பங்கள் எல்லாம் இருக்கின்றன.

மின்மினி:
செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் பிழைதிருத்தி) ஓட்டிப் பாருங்க ப்ரோ.

பழைய_பயாஸ்:
செக்டிஸ்க் வேண்டவே வேண்டாம். ஃபார்மட்டும் கொடுக்காதீர்கள் தம்பி. நீங்கள் போட்ட எண்களிலேயே விடை இருக்கிறது: மூன்றையும் கூட்டினால் 2794.52. அதை எட்டால் வகுத்தால் 349.31!

பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பது டிஸ்க்கின் முதல் செக்டரில் (டிஸ்க்கைப் பிரித்து எண்ணும் சிறு துண்டு), 446-வது பைட்டிலிருந்து இருக்கும். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட், மொத்தம் நாலு இடம், கடைசியில் 55 ஏஏ. இதுதான் எம்பிஆர் என்ற பழைய முறை அட்டவணை. தொடக்கமும் நீளமும் அதில் பைட் கணக்கில் இல்லை, செக்டர் கணக்கில் இருக்கின்றன. ஒரு செக்டர் எத்தனை பைட் என்று அந்த அட்டவணையில் எங்கும் எழுதுவதில்லை. முழத்தில் அளந்து எழுதியதைச் சாணில் படித்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடக்கிறது.

செக்டர் எண்ணுக்கு 4 பைட்தான் ஒதுக்கினார்கள். 1983-ல் ஐபிஎம் எக்ஸ்டியில் வந்த டிஸ்க்கே 10 எம்பி, யாரைக் குறை சொல்வது? 512 பைட் செக்டர் என்றால் விண்டோஸ் கணக்கில் 2048 ஜிபியோடு முடிந்தது. உங்கள் 746.52 தனியாக நிற்பது அந்தக் கோட்டுக்கு அப்பால். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி என்ற புதிய முறை அட்டவணையைப் படிக்கத் தெரியாது. அதனால் சில டப்பாக்களின் சர்க்யூட், எட்டு செக்டரை ஒன்றாகச் சேர்த்து 4096 பைட் என்று கணினியிடம் சொல்லிவிடும். டப்பா போனது, அந்தக் கணக்கும் அதோடு போனது.

ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்களை அப்படியே காட்டும் மென்பொருள்) ரீட்-ஒன்லியாகத் திறந்து 454-வது பைட்டிலிருந்து நாலு பைட் என்னவென்று சொல்லுங்கள்.

செல்வா_திருப்பூர்:
00 01 00 00 அண்ணா. அதற்கு நாலு பைட் முன்னால் 07.

பழைய_பயாஸ்:
07 என்டிஎஃப்எஸ்ஸுக்கான, அதாவது விண்டோஸின் ஃபைல் அமைப்புக்கான குறி. எண்ணைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும், அப்போது 256. விண்டோஸ் 256-ஐ 512-ஆல் பெருக்கி அங்கே போய்த் தேடுகிறது. 4096-ஆல் பெருக்கினால் சரியாக 1 எம்பி, அதாவது இப்போதைய கணக்கில் 2048-வது செக்டர். அங்கே பாருங்கள்.

செல்வா_திருப்பூர்:
ஈபி 52 90, பக்கத்திலேயே என்டிஎஃப்எஸ் என்ற எழுத்து!

பழைய_பயாஸ்:
பிழைத்தது. உபுண்டு பென்டிரைவில் பூட் செய்து, டிஸ்க்கை 'லூப்' என்ற இன்னொரு டிஸ்க் போலக் காட்டும் லோசெட்டப் (losetup) கட்டளையில் செக்டர் அளவு 4096, ரீட்-ஒன்லி, பார்ட்டிஷன் ஸ்கேன் மூன்றையும் கொடுங்கள். உருவாகும் லூப் பார்ட்டிஷனை ரீட்-ஒன்லியாகவே மவுண்ட் செய்து வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள்.

கோவை_ரிப்பேர்:
கடையில் இதே கேஸ் வருவதுண்டு. அதே மாடல் பழைய டப்பா கிடைத்தால் மாட்டினாலே போதும். ஆனால் சில டப்பாக்கள் தரவை என்கிரிப்ட் செய்துவிடும். அந்த வகை என்றால் ஹெக்ஸில் என்டிஎஃப்எஸ் என்று படிக்கவே முடியாது. இவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

செல்வா_திருப்பூர்:
ஃபோல்டர்கள் எல்லாம் வந்துவிட்டன, நகல் ஓடுகிறது. முடிந்ததும் இந்த டிஸ்க்கை ஜிபிடி ஆக்கிவிடலாமா?

பழைய_பயாஸ்:
தாராளமாக. ஜிபிடியில் அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கும், தப்பு இருக்கிறதா என்று பார்க்க சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணும் உண்டு. ஆனால் அதிலும் செக்டர் கணக்குதான். சாட்டாவில் மாட்டியே பார்ட்டிஷன் போடுங்கள், இன்னொரு டப்பாவில் போட்டு ஆரம்பிக்காதீர்கள். அதற்கு முன் நகலில் நாலு ஆல்பத்தையாவது திறந்து பாருங்கள்.