ப்ரோபாக்ஸ் பின் பிரேக் பைப் துருப்பிடித்து ஒழுகுகிறது, வீட்டிலேயே மாற்றலாமா?

தாம்வே டிரைவர்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2004 மாடல் டொயோட்டா ப்ரோபாக்ஸ். ரங்கூனில் டாக்சியாக ஓடி ஓய்ந்த வண்டி. இப்போது மாமா கடைக்குச் சரக்கு ஏற்றுவதற்கும் கோயில் குளம் போவதற்கும் வைத்திருக்கிறோம்.

போன வாரம் நல்ல மழை. மொகல் தெருப் பக்கம் சிக்னலில் பிரேக் மிதித்தேன், பெடல் வழக்கத்தைவிட ரொம்பக் கீழே போய்விட்டது. வண்டி நின்றது, ஆனால் உயிர் ஒரு நிமிடம் தொண்டைக்கு வந்தது. மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு சேர்ந்து பானெட்டைத் திறந்தால், பிரேக் ஆயில் டப்பாவில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கிறது. டார்ச் அடித்துக் கீழே படுத்துப் பார்த்தேன். பின்பக்கம் இடது சக்கரத்துக்கு முன்னால், பெட்ரோல் டேங்க் ஓரத்தில் ஓடும் இரும்புப் பைப் ஈரமாக இருந்தது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததற்கே துரு செதில் செதிலாக உதிர்ந்தது. ஒரு கிளிப்புக்குப் பக்கத்தில் பைப் சாப்பிட்டுப் போய் மெலிந்திருக்கிறது.

தெருமுனைக் கடையில் காட்டினேன். "துரு பிடித்த துண்டை மட்டும் வெட்டிவிட்டு, நடுவில் ரப்பர் ஓஸ் சொருகி இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கலாம், அரை மணி வேலை" என்றார்கள். மனசு ஒப்பவில்லை. ஏசி வேலை செய்யும் கூட்டாளி ஒருவன், "என்னிடம் செம்புக் குழாய் இருக்கிறது, பிளேர் அடிக்கிற, அதாவது குழாயின் வாயை விரிக்கிற கருவியும் இருக்கிறது, வா முடித்துவிடலாம்" என்கிறான்.

என்னிடம் ஜாக்கி, ஸ்பேனர் செட், பொறுமை மூன்றும் இருக்கின்றன. முன்பு டிரம் கழற்றி பிரேக் ஷூ மாற்றியிருக்கிறேன். இந்தப் பைப் வேலையை வீட்டில் செய்யலாமா? செம்புக் குழாய் போடலாமா? வேலை முடிந்து பைப்புக்குள் புகுந்த காற்றை எடுப்பது எந்தச் சக்கரத்தில் தொடங்க வேண்டும்?

சிரியம் மிஸ்திரி

தம்பி, முதலில் வண்டியை நிறுத்து. கடைக்குச் சரக்கு என்று மாமா கூப்பிட்டாலும் சாவியைக் கொடுக்காதே. அன்றைக்கு வண்டி நின்றதற்குக் காரணம், பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு சர்க்யூட் தனித்தனியாக வேலை செய்கின்றன. ஒன்றில் ஆயில் போனால் மற்றது பாதி பிரேக்காவது கொடுக்கும். அதை நம்பி ஓட்டினால் அடுத்த சிக்னலில் அந்தப் பாதியும் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

ரப்பர் ஓஸ், கிளிப் பேச்சுக்கே இடமில்லை. அழுத்தி பிரேக் பிடிக்கும்போது பைப்புக்குள் 100 பாருக்கு மேல் ஏறும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கிளிப் அந்த அழுத்தத்துக்கு எத்தனை மிதி தாங்கும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். நட்டுக்குள் பித்தளை வளையம் வைத்து இறுக்கும் ஜாயின்ட் என்று ஒன்று விற்பார்கள், அதுவும் பிரேக்குக்கு ஆகாது.

செம்புக் குழாயும் வேண்டாம். சுத்தச் செம்பு வளைக்க லேசாக இருக்கும், அதனால்தான் ஆசை வருகிறது. ஆனால் அது அதிர அதிர இறுகி விறைத்து, ஒருநாள் நட்டுக்குப் பக்கத்தில் முடி அளவு விரிசல் விடும். நம் ஊர்ச் சாலைக் குழியில் அந்த நாள் சீக்கிரமே வரும். வாங்க வேண்டியது செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப். பார்க்கச் செம்பு மாதிரியே இருக்கும், துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். 25 அடிச் சுருளாக வரும். உன் வண்டிக்கு 3/16 அங்குலம், அதாவது 4.75 மில்லி. அது கிடைக்காவிட்டால் மேல்பூச்சுள்ள இரும்பு பிரேக் பைப் வாங்கு. நட்டு 10 மில்லி, மரை 1.0. பழைய நட்டு ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப் போ, வாயால் சொல்லி வாங்காதே.

இந்தத் துரு ரங்கூன் மழையில் மட்டும் வந்தது என்று நினைக்காதே. ஜப்பானில் ஹொக்கைடோ போன்ற பனி ஊர்களில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பும் கால்சியம் குளோரைடும் தூவுகிறார்கள். பனி உருகி அந்தத் தண்ணீர் வண்டியின் அடியில் தெறிக்கிறது. பிறகு 2011-க்கு அப்புறம் இறக்குமதி திறந்துவிட்டபோது அந்த வண்டிகளும் சேர்ந்து இங்கே வந்தன. மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே பிளாஸ்டிக் கிளிப்புக்குள் உப்புச் சேறு அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் உன் பைப் கிளிப் ஓரத்தில் மெலிந்திருக்கிறது. ஜப்பானில் வண்டி ஏலம் போனபோது அதன் நிலையைக் குறித்த ஏலத் தாள் யாரிடமாவது இருந்தால், அதிலுள்ள வண்டிப் படத்தைப் பார்: 'எஸ்' என்று குறித்திருந்தால் துரு, 'சி' என்றால் அரிப்பு. நான் வண்டி வாங்குகிறவர்களிடம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான், சிடி பிளேயர் வேலை செய்கிறதா என்பதை அல்ல.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பைப்பைக் கழற்றுவதும் மாட்டுவதும் நீ செய்யலாம். நுனியில் பிளேர் அடிப்பதை மட்டும் யோசி. ஜப்பான் வண்டிக்கு வேண்டியது இரட்டை பிளேர்: பைப்பின் வாய் உள்பக்கமாக மடிந்து, இரண்டு தடிமனாக உட்கார வேண்டும். உன் கூட்டாளியின் ஏசி கருவி ஒற்றை பிளேர்தான் அடிக்கும். பார்வைக்குச் சரியாகத் தெரியும், நட்டு இறுக்கும்போதோ அடுத்த மாதமோ வெடிக்கும். இரட்டை பிளேர் கருவி இரவல் கிடைத்தால், வண்டிப் பைப்பைத் தொடுமுன் வீணான துண்டுகளில் அடித்துப் பழகு. அடித்த வாய் நடுவில் ஒட்டாமல் வட்டமாக, ஓரத்தில் கீறல் இல்லாமல் வரும்வரை வண்டிக்குக் கீழே போகாதே. நட்டைப் பைப்பில் கோத்த பிறகுதான் பிளேர் அடிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதே.

கருவி இல்லையென்றால் நான் சொல்வது இதுதான்: பழைய பைப்பை முடிந்தவரை வளைவு கெடாமல் கழற்று. கூடவே கட்டுக்கம்பியை அதே வழியில் வளைத்து மாதிரி எடுத்துக்கொள். இரண்டையும் பிரேக் பைப் அடிக்கும் பட்டறையில் கொடு. அவர்கள் நட்டுப் போட்டு இரண்டு பக்கமும் பிளேர் அடித்துக் கொடுப்பார்கள். நீ வீட்டில் மாட்டிக்கொள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, கருவி வாங்கும் காசும் மிச்சம்.

வேலையின்போது: செங்கல் மேல் வண்டியை நிறுத்தாதே, ஸ்டாண்ட் போடு. முன் சக்கரங்களுக்குக் கட்டை வை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. பக்கத்திலேயே பெட்ரோல் பைப் ஓடுகிறது, ஆகவே நட்டு வரவில்லை என்று நெருப்புக் காட்டக் கூடாது. கழற்றுமுன் பெடலை ஓர் அங்குலம்போல அழுத்திக் குச்சியால் முட்டுக் கொடுத்துவிடு. மாஸ்டர் சிலிண்டரின் துளை அடைபட்டு, டப்பா முழுதும் ஒழுகாமல் இருக்கும். பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரி வயரைக் கழற்றி வை. ஆயில் பெயின்டில் பட்டால் துணியால் துடைத்துப் பயனில்லை, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு.

காற்று எடுப்பதில் ஒரு விஷயம். யூடியூபில் பாதிப் பேர் பின் வலது சக்கரத்தில் தொடங்கு என்பார்கள். அது ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் வண்டிக்கு. பர்மாவில் நாம் 1970-லேயே ரோட்டின் வலது பக்கம் மாறிவிட்டோம், ஆனால் உன் வண்டியில் ஸ்டியரிங் வலது பக்கம், மாஸ்டர் சிலிண்டரும் வலது பக்கம். நீளமான பைப் பின் இடதுக்குப் போகிறது. அங்கே தொடங்கு, பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது.

பெகு ஏசிக்காரன்

மேலே சொன்ன ஏசி கூட்டாளி நான் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்! ஆனால் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் பிளேரும் 45 டிகிரிதான், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எங்கள் வேலையில் குழாய் ஓர் இடத்தில் அசையாமல் இருக்கும், தினமும் மிதி வாங்காது.

என் கையில் பழகிய ஒன்றைச் சொல்கிறேன், அது பிரேக் பைப்புக்கும் பொருந்தும். பைப்பை ரம்பத்தால் அறுக்காதீர்கள், உருளும் கட்டர் போடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்க வேண்டும், அவசரப்பட்டால் வாய் உள்ளே குவிந்துவிடும். அப்புறம் உள்விளிம்பைச் சுரண்டும்போது பைப்பின் வாய் தரையைப் பார்த்திருக்கட்டும், தூள் உள்ளே விழாது. முடித்ததும் பிரேக் கிளீனர் அடித்து ஊதிவிடுங்கள். ஒரு துளி உலோகத் தூள், டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரில் போய் உட்கார்ந்தால், மறுபடி டிரம் கழற்ற வேண்டியதுதான்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று கவலையும் வேண்டாம், எல்லாம் கைக்கருவிதான். நெற்றியில் மாட்டும் விளக்கு ஒன்று போதும்.

மோல்மீன் அக்கா

எங்கள் வண்டி ஹோண்டா ஃபிட், ஆனால் கதை ஒன்றுதான். காற்று எடுக்க ஆள் கிடைக்காதவர்களுக்காக எழுதுகிறேன். நானும் என் தம்பியும் செய்தோம். அவன் சக்கரத்தருகே, நான் பெடலில். அவன் "மிதி" என்றதும் மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொள்வேன், அவன் சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறப்பான், பெடல் இறங்கும், அவன் மூடி "விடு" என்ற பிறகுதான் காலை எடுப்பேன். மூடுமுன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கி வையுங்கள். குமிழி வருவது கண்ணுக்குத் தெரியும்.

பெடலை அடிவரை மிதிக்க வேண்டாம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகப் போகாத அந்த அடிப்பகுதியில் அழுக்கும் துருவும் இருக்கும், ரப்பர் அதில் உரசிக் கிழியும். காலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் தன்னால் நின்றுவிடும்.

டப்பாவில் ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள், அதைப் பார்க்க என் அம்மாவையே நிறுத்தினேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டே "குறையுது, குறையுது" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தாம்வே டிரைவர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பட்டறையில் பைப் அடித்து வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். இன்று கழற்ற உட்கார்ந்தேன். முன்பக்கத்து நட்டு வந்துவிட்டது. பின்னால் ரப்பர் ஓஸோடு சேரும் நட்டு அசைய மாட்டேன் என்கிறது. சாதாரண ஸ்பேனர் போட்டதில் முனை மழுங்க ஆரம்பித்துவிட்டது. வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பெட்டி) வேறு இருக்கிறது, அதில் காற்று புகுந்தால் பிரச்சினையா?

சிரியம் மிஸ்திரி

அப்படியே நிறுத்து தம்பி. வாய் திறந்த ஸ்பேனர் அந்த நட்டின் இரண்டு முகத்தை மட்டும் பிடிக்கும், இன்னொரு தடவை திருப்பினால் உருண்டையாகிவிடும். பைப் எப்படியும் குப்பைக்குப் போகிறது, எனவே நட்டு ஓரமாகவே அதை வெட்டிவிடு. இப்போது ஆறு முனை சாக்கெட்டை நட்டின் மேல் முழுதாக இறக்கலாம். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ராத்திரி ஊறவிடு. காலையில் ஓஸின் பக்கத்து அறுகோணத்தை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு திருப்பு, இல்லாவிட்டால் ஓஸே முறுக்கிக்கொள்ளும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்துப் பார், துரு உடையும். அதற்கும் வரவில்லையென்றால் ஓஸையும் சேர்த்து மாற்று. 2004 ஓஸ் என்றால் மாற்றுவதே நல்லது, வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும்.

ஏபிஎஸ் பெட்டியின் நட்டுகளை நீ தொடாதவரை, டப்பா காலியாகாதவரை பயம் இல்லை. டப்பா வறண்டு காற்று அந்தப் பெட்டிக்குள் போய்விட்டால் பெடல் மிதித்து மட்டும் எடுக்க முடியாமல் போகலாம், கம்ப்யூட்டர் மாட்டி மோட்டாரை ஓடவிட வேண்டிவரும். அந்த அக்கா அம்மாவை நிறுத்தியது அதற்குத்தான் நல்லது.

பிரேக் ஆயில் டின்னில் 'டாட்' என்று தர எண் இருக்கும்; டாட் 3 ஊற்று, டாட் 4-ம் சேரும். டாட் 5 என்று எழுதியிருந்தால் அது சிலிக்கான், இதில் கலக்கவே கூடாது. டின் சீல் உடையாமல் இருக்கட்டும். போன வருஷம் திறந்து வைத்த பாதி டின் வீட்டில் கிடந்தால் ஊற்றாதே, பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறினால் 140 அளவுக்கு வந்துவிடும்.

புதுப் பைப்பின் நட்டை முதலில் விரலாலேயே நாலைந்து மரை ஏற்று. விரலுக்கு வரவில்லையென்றால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றித் திரும்பப் போடு. கிளிப் எல்லாம் பழைய இடத்திலேயே மாட்டு. சைலன்சருக்கும் பின் ஆக்சில் ஆடும் இடத்துக்கும் பைப் உரசாமல் பார்த்துக்கொள்.

தாம்வே டிரைவர்

நட்டு காலையில் வந்துவிட்டது அண்ணே, அறுகோணத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இறுக்கிவிட்டுத் திருப்பியதும் 'டக்'கென்று ஒரு சத்தம். பைப், ஓஸ் இரண்டும் புதுசு. தங்கச்சி பெடலில் உட்கார்ந்தாள், பின் இடதில் தொடங்கினோம். முதலில் வந்தது சாயத் தண்ணீர் நிறத்தில் இருந்தது, பிறகு தெளிவாகிவிட்டது. பெடல் இப்போது மேலேயே கெட்டியாக நிற்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா?

சிரியம் மிஸ்திரி

இன்ஜினை ஓடவிட்டு, பெடலைப் பலமாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடி. கால் மெல்லக் கீழே இறங்கினால் எங்கேயோ கசிகிறது. பிறகு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் நன்றாகத் துடைத்துவிட்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வை, மறுபடி மிதித்துவிட்டுப் போய்ப் பேப்பரைப் பார். காய்ந்திருந்தால் சந்துக்குள்ளேயே நடை வேகத்தில் நிறுத்தி நிறுத்திப் பார், ஹேண்ட்பிரேக்கில் கை இருக்கட்டும். நாளைக் காலையில் திரும்ப அடியில் படுத்து ஒரு தடவை பார்.

வலது பக்கத்துப் பைப்பும் அதே வயது, அதே உப்பு. ஸ்டாண்ட் இன்னும் போட்டுத்தான் இருக்கிறது என்றால் அந்தக் கிளிப்புகளையும் கழற்றி உள்ளே பார்த்துவிடு. மேலே வெறும் தூசு மாதிரி இருந்தாலும் நகத்தால் சுரண்டிப் பார். செதில் வந்தால் அதே கட்டுக்கம்பியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போ.