மறக்க முடியாத தாதியர்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிடோக்கிலிருந்து:

ஆகஸ்ட் 1 நம் சிங்கப்பூரில் தாதியர் தினம். 1885ல் அந்த நாளில்தான் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் இங்கே பொது மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்க வந்தார்கள். இந்த ஆண்டு எல்லாருக்கும் பொதுவாக வாழ்த்து அனுப்புவதை விட, ஒரே ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே எல்லாம் மளமளவென்று நடந்தன. மறுநாள் காலையிலேயே அறுவை சிகிச்சை என்றார்கள். ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவியைப் பயன்படுத்துவார்கள் என்பதால் உடம்பில் நகை இருந்தால் சுட்டுவிடும் அபாயம் உண்டு. வளையல், தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் அம்மா மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார். தாலிக்கொடியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா இங்க உட்கார்ந்திருக்காரு. அவரு கண்ணு முன்னால கழட்டச் சொல்றீங்களே" என்று ஒரே அழுகை. வலிக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. நானும் தங்கையும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "கழற்றாவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும்" என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் சொன்ன விதத்தில் அம்மாவின் பிடி இன்னும் இறுகிவிட்டது.

இரவு வேலைக்கு வந்தவர் தூடோங் என்ற முக்காடு அணிந்த ஒரு மலாய்த் தாதி. வந்ததும் நகைப் பேச்சை எடுக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "மக்சிக், எந்தக் கம்பத்தில் வளர்ந்தீங்க?" என்று மலாயில் ஆரம்பித்தார். மக்சிக் என்றால் பெரியவர்களை மரியாதையாக 'அத்தை' என்று கூப்பிடுவது போல. கம்பம் என்றால் கிராமம். அம்மாவுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. கல்யாணக் கதை, பிள்ளை பெற்ற கதை எல்லாம் வந்தது. அதற்குப் பிறகுதான் மெதுவாக, "இது எதற்காக, கழற்றினால் என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று கேட்டார். அதுவரை எங்களில் யாரும் அம்மாவிடம் அதைக் கேட்கவில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தை அம்மா வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

முன்பு அவர் கவனித்துக்கொண்ட இன்னொரு தமிழ் அம்மாவுக்கு வீட்டார் மஞ்சள் கயிறு கட்டியதைப் பார்த்திருக்கிறாராம். "கயிறு இருந்தால் போதுமா, மக்சிக்?" என்றார். அம்மா தலையாட்டினார். உடனே அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போன் போட்டுப் பேசினார். உலோகம் இல்லாத வெறும் நூல் கயிறு என்றால் சரி, டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் மஞ்சள் கயிறு எப்போதும் இருக்கும். விடிவதற்குள் தங்கை கொண்டுவந்துவிட்டாள்.

தாதி திரையை இழுத்துவிட்டு வெளியே நின்றார். அப்பா விரலி மஞ்சளை முடிந்து அம்மாவின் கழுத்தில் கட்டினார். புதுசு ஏறிய பிறகுதான் பழசு இறங்க வேண்டும் என்று அம்மா சொன்னபடியே எல்லாம் நடந்தது. அப்புறம் தாதி உள்ளே வந்து, கொடியில் கோத்திருந்த குண்டு, காசு ஒவ்வொன்றையும் அம்மா பார்க்கும்படி எண்ணி எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஒப்படைத்தார். அம்மா அமைதியாக உள்ளே போனார்.

ஆபரேஷனுக்குப் பிறகும் அவர்தான் பல இரவுகள் பார்த்துக்கொண்டார். குதிகால் மெத்தையில் அழுந்திப் புண்ணாகாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைப்பார். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும்போது நுனியில் குத்தாமல் ஓரமாகக் குத்துவார். அங்கே வலி குறைவாம். அன்பான பேச்சு யாருக்கும் வரலாம். விதியையும் மீறாமல், என் அம்மாவின் நம்பிக்கையையும் புண்படுத்தாமல் நடுவில் ஒரு வழி கண்டுபிடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும் என்பது என் எண்ணம். அவருக்கு நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

துவாஸ் தங்குவிடுதியிலிருந்து:

அக்கா, படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வேலையிடத்தில் இரும்புக் குழாய் விழுந்து கால் நசுங்கிவிட்டது. ஊரில் அம்மாவிடம், "லேசான சிராய்ப்பு" என்று மட்டும் சொல்லியிருந்தேன். இங்கே வேலை பார்க்கிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்வோம். அம்மா வீடியோவில் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன். போன் அடித்துக்கொண்டே இருப்பதையும், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் ஒரு பிலிப்பினோ தாதி கவனித்துவிட்டார். தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கட்டிலைத் தலைப்பக்கம் உயர்த்தி, ஈரத்துணியால் முகம் துடைத்து, தலை வாரிவிட்டார். டிரிப்ஸ் கம்பியைப் பின்னால் தள்ளினார். கட்டும் காலும் தெரியாதபடி போனை அவரே உயரமாகப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் மெலிஞ்சிட்டியேப்பா" என்பதோடு அம்மா சமாதானம் ஆகிவிட்டார். கட்டைப் பிரிக்கும் வரை, அவர் வேலையில் இருந்த நாளெல்லாம் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். அவருடைய மகனும் ஊரில் பாட்டியிடம்தான் வளர்கிறானாம். அந்தச் சகோதரி நல்லா இருக்கணும்.

ஈசூனிலிருந்து:

நான் ஓய்வுபெற்ற தாதி. 2003ல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் வந்து நம் நாட்டில் 33 பேர் இறந்தபோது வேலையில் இருந்தேன். சீருடையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அந்தச் சமயத்தில் வார்டுக்கு வந்த நன்றிக் கடிதங்களை நாங்கள் மாற்றி மாற்றிப் படிப்போம். சிலவற்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

தங்கச்சி, தம்பி, இங்கே எழுதியதை அப்படியே அந்தந்த மருத்துவமனைக்கும் அனுப்புங்கள். பாராட்டு எழுத அவர்களுடைய இணையப்பக்கத்திலேயே இடம் இருக்கும். தாதியின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வார்டு எண், தேதி, பகலா இரவா என்று குறிப்பிட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பணம், பரிசு எதுவும் வேண்டாம், அவர்களால் வாங்க முடியாது. தமிழில் எழுதினாலும் சரி. மொழிபெயர்த்துச் சொல்ல வார்டில் யாராவது ஒரு தமிழ்ப் பிள்ளை இருப்பாள்.