புதுப்பிப்பு: அப்பாவுக்குத் திரும்பி வந்தது டிபி இல்லை

போன பதிவில் கேட்டிருந்தேன்: அப்பா டிபி மருந்தை முழுசா முடிச்சவர். இப்போ சளியில் ரத்தம், எடையும் குறையுது, ஆனா சளியில் டிபி கிருமி இல்லை, என்னவா இருக்கும்னு. பூஞ்சையையும் பாருங்கன்னு எழுதினவங்களுக்கு நன்றி. அதேதான்.

கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூர் இறங்கி நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தோம். டிபி ஆறின இடத்தில் ஒரு குழி, அதுக்குள்ள உருண்டையா ஒண்ணு, மேல பிறை மாதிரி காத்து. குப்புறப் படுக்க வெச்சு மறுபடி எடுத்தா உருண்டை இடம் மாறியிருக்கு! டாக்டர் ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினார். குழிக்குள்ள ஒட்டாம உருளற பூஞ்சை உருண்டையாம். ஆஸ்பர்ஜில்லஸ்ங்கிற அந்தப் பூஞ்சைக்கு எதிரா உடம்பு உண்டாக்கற ஐஜிஜியைப் பாக்கற ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ்.

இட்ராகொனசோல்ங்கிற பூஞ்சை மருந்து, குறைஞ்சது 6 மாசம். கேப்சூலைச் சாப்பாட்டோட போடணும். வயித்துல அமிலம் இருந்தாதான் உடம்புல சேரும். அதனால அமிலத்தைக் குறைக்கற அப்பாவோட கேஸ் மாத்திரையை நிறுத்தியாச்சு. சந்தேகத்துக்கு டிபி மருந்தும் சேர்த்துக் கொடுக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. கூடாதாம், டிபி மருந்துல இருக்கற ரிஃபாம்பிசின் இட்ராகொனசோலோட அளவை ரத்தத்துல ரொம்பக் குறைச்சிடும்.

வீட்டுச் சுவர்ல பூத்த பூஞ்சையான்னும் கேட்டீங்க. ஆடி மாசம் மலையில எந்தச் சுவர் பூக்கல? துடைச்சாச்சு. ஆனா இந்த வித்து காத்துல எங்கேயும் இருக்கு, குழி விழுந்த நுரையீரல்ல தங்கிடுது. ஆளுக்கு ஆள் தொத்தாது. அத்தைதான் இன்னும் அப்பாவுக்குத் தனி டம்ளர் வெச்சிருக்காங்க, சொன்னா கேக்கறதில்லை.

ரத்தம் குறைஞ்சிருக்கு. திடீர்னு அதிகமா வந்தா உடனே ஆஸ்பத்திரி. இட்ராகொனசோல் சிலருக்கு இதயத்தைப் பாதிக்கலாம்கிறதால கால் வீக்கம், மூச்சுவாங்கல் வருதான்னும் பாத்துட்டிருக்கோம். ஆபரேஷன் பத்தி அடுத்த சிடிக்கு அப்புறம்தான் பேச்சு.