புதுப்பிப்பு: ஸ்டேட் ஃபார்ம் ஆயுள் காப்பீட்டு வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்டேட் ஃபார்ம் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் மீது பாலிசிதாரர்கள் தொடுத்த குழு வழக்கில், கூட்டரசு நீதிமன்ற ஜூரிகள் 2018 ஜூனில் சுமார் 3.4 கோடி டாலர் இழப்பீடு அளித்ததை முன்பு எழுதியிருந்தேன். அத்தீர்ப்பை எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது.

வயது, பாலினம், கட்டண வகுப்பு (ஆபத்தின் அளவைப் பொறுத்து பாலிசிதாரர்களைப் பிரிக்கும் வகை) ஆகியவற்றைக் கொண்டே மாதாந்திரக் காப்பீட்டுச் செலவு கணக்கிடப்படும் என்று காப்பீட்டுப் பத்திரத்தில் எழுதிவிட்டு, பாலிசிதாரரின் கணக்கில் சேர்ந்திருந்த பணத்திலிருந்து நிறுவனத்தின் பிற செலவுகளையும் லாபத்தையும் சேர்த்தே பிடித்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. பத்திரத்தில் தெளிவில்லை என்றால் அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்ற காப்பீட்டுச் சட்டத்தின் பழைய விதி இங்கே பாலிசிதாரர்களுக்குக் கைகொடுத்தது, மிகவும் நியாயமானது. தீர்ப்புக்கு முந்தைய காலத்துக்கான வட்டி குறித்து முடிவெடுக்க வழக்கு கீழ்நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.