பயோசார்ப்ஷன்: பற்றுகையா, பிடிப்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை பாடம் அச்சுக்குப் போகிறது. கடற்பாசியில் ஆல்ஜினேட் என்னும் பசைப்பொருளை எடுத்தபின் மிஞ்சும் சக்கையைக் கொண்டு தண்ணீரிலுள்ள ஈயம், காட்மியம், குரோமியத்தை நீக்கும் முறை. என் மாணவர்களில் பாதிப் பேர் தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ராணிப்பேட்டைப் பக்கம். குரோமியம் அவர்களுக்கு ஏட்டுச் செய்தி இல்லை, ஊர்க் கிணற்றுச் செய்தி. இம்முறையின் ஆங்கிலப் பெயரான பயோசார்ப்ஷனை 'உயிரி உறிஞ்சல்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?
- காட்பாடி

சரியில்லை அம்மா. உறிஞ்சினால் உள்ளே போய்விட்டது என்று பொருள். இங்கே பெரும்பாலும் மேலே ஒட்டுகிறது. இலங்கையில் அதைப் 'புறத்துறிஞ்சல்' என்பார்கள். அப்புறம், சக்கை செத்த பொருள். 'உயிரி' என்றால் ஏதோ கிருமி வேலை செய்கிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். 'உயிர்ப்பொருள் பற்றுகை' என்று போடுங்கள். 'பத்துப் பாத்திரம்' என்கிறோமே, சோறு பற்றிய பாத்திரம்தான் அது. எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'விடுகை'யும் கூடவே கிடைக்கும்: அமிலத்தில் கழுவினால் சக்கை உலோகத்தை விட்டுவிடும். துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் பற்றுதலும் விடுதலும் சேர்ந்தே வருகின்றன, பாருங்கள்.
- குடியாத்தம்

குறள் இருக்கட்டும் ஐயா. தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், குரோம் உப்பில் தோலை உருட்டும் டிரம்மிலிருந்து ஒரு தோலை இழுத்து, கழுத்துப் பக்கம் தடிப்பான இடத்தில் கத்தியால் கீறிப் பார்ப்போம். நடுவரை நீலம் தெரிந்தால் குரோம் 'ஏறிடுச்சு'. கழுவியும் போகாவிட்டால் 'பிடிச்சிடுச்சு'. தோலில் குரோமியத்தைப் பிடிப்பது கொலாஜன் என்ற தோல் புரதத்தின் கார்பாக்சில் என்னும் அமிலத் தொகுதி. பழுப்புப் பாசியில் உலோகத்தைப் பிடிப்பது ஆல்ஜினேட்டின் கார்பாக்சில் தொகுதி. வேலை ஒன்று, சொல் மட்டும் ஏன் வேறு? ஆயிரக்கணக்கான பேர் தினமும் சொல்லும் சொல் இருக்கும்போது புதிதாகக் கட்ட வேண்டாம். 'உலோகப் பிடிப்பு' போதும்.
- ஆம்பூர்

ஐயா, அந்தக் கத்திக் கீறல் எனக்குத் தெரியாது; பாடத்தில் அப்படியே சேர்க்கிறேன். ஒரு சிக்கல்: குரோமியத்தில் இரண்டு வகை; தோலில் ஏறுவது மூன்று இணைதிறக் குரோமியம். ராணிப்பேட்டைக் கழிவில் அதைவிட நச்சான ஆறு இணைதிறக் குரோமியமும் உண்டு. அமில நீரில் சக்கை அதை மூன்றாகக் குறைக்கவும் செய்கிறது. அந்தப் பாதி வேலை பற்றுகையிலும் இல்லை, பிடிப்பிலும் இல்லை. நேரமில்லை. குழுவில் நான்கு பேர் பற்றுகை என்கிறீர்கள், அதையே வைக்கிறேன்.
- காட்பாடி

வையுங்கள் அம்மா. ஆனால் எங்கள் ஊரில் பற்று என்றால் மளிகைக்கடைப் பற்று வரவு. பேத்திக்கு நான் பிடிப்பு என்றுதான் சொல்லிக் கொடுப்பேன்.
- ஆம்பூர்