பெரிய வீடு குரூப்: அது என்ன பாட்டில்?

கார்த்தி: [படம்]

கார்த்தி: ஹெல்சிங்கி பக்கத்தில் ஒரு தீவு, அங்கே ராணுவ அருங்காட்சியகம். இது என்ன என்று சரியாகச் சொல்பவர்களுக்கு ஊருக்கு வரும்போது சாக்லேட் இரண்டு பாக்கெட்.

மீனா அத்தை: டேய், மத்தியானத்திலேயே பாட்டில் படமா? உன் அம்மாவும் இந்த குரூப்பில்தான் இருக்கிறாள்.

நித்யா: அத்தை, பெரிதாக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு நீளத் தீக்குச்சி கட்டியிருக்கிறது. குடிக்கிற சரக்கு இல்லை.

சித்தப்பா: பெட்ரோல் குண்டு! டாங்கி மேல் வீசுவார்கள். எனக்கு முந்திரி வைத்த சாக்லேட்.

கார்த்தி: சித்தப்பாவுக்கே பரிசு. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தபோது, டாங்கியை அடிக்கிற பீரங்கி இவர்கள் நாடு முழுக்க சுமார் நூறுதான். எதிரில் ஆயிரக்கணக்கில் டாங்கிகள். அதனால் இந்த பாட்டில். போர் முடிவதற்குள் நாலரை லட்சத்துக்கு மேல் நிரப்பியிருக்கிறார்கள். எங்கே தெரியுமா? அரசாங்க மதுபான ஆலையில்!

மீனா அத்தை: நம் டாஸ்மாக் மாதிரியா?

கார்த்தி: அதேதான் அத்தை. ஆல்கோ என்று பெயர், இன்றைக்கும் இருக்கிறது. ராயமாக்கி என்ற ஊரில் ஆலை. நிரப்பும் வேலையில் 87 பெண்கள், 5 ஆண்கள்.

மீனா அத்தை: அந்த ஐந்து பேரும் மேற்பார்வை பார்த்திருப்பார்கள்.

நித்யா: 😂😂

கார்த்தி: பெயரும் கிண்டலில் வந்ததுதான். சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவ், "நாங்கள் குண்டு போடவில்லை, உணவுதான் போடுகிறோம்" என்கிற மாதிரி பேசினாராம். உடனே இவர்கள் சோவியத் விமானம் போட்ட குண்டுக்கு "மொலோட்டோவின் ரொட்டிக் கூடை" என்று பெயர் வைத்துவிட்டு, ரொட்டியோடு குடிக்க இது என்று பாட்டிலுக்கும் "மொலோட்டோவ் காக்டெய்ல்" என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சித்தப்பா: சபாஷ். அண்ணா எங்கே? மிலிட்டரி பேச்சு ஓடுகிறது, ஆளைக் காணோம்.

பெரியப்பா: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாட்டிலை எல்லோரும் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தின் ஆயுதக் கிடங்கில், ஆர்டினன்ஸ் ஸ்டோரில், குப்பை கொட்டியவன் நான், எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பின்லாந்து 1917 வரை ரஷ்யாவின் கீழ் இருந்த நாடு. அதனால் இவர்கள் சிப்பாய் தூக்கியதும் ரஷ்ய மாடல் ரைபிள்தான். இரண்டு பக்கமும் ஒரே 7.62 தோட்டா. அதாவது எதிரி விட்டுவிட்டு ஓடிய பெட்டியை உடைத்து அப்படியே தன் துப்பாக்கியில் போடலாம். ஸ்டோர்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

நித்யா: எதிரியே சப்ளையர்!

பெரியப்பா: அதுவும் இன்டென்ட் போடாமல், அதாவது சாமான் வேண்டும் என்று எழுதிக் கேட்காமலே. 1940 ஜனவரி தொடக்கத்தில் ராட்டே சாலையில் ஒரு சோவியத் டிவிஷனையே துண்டு துண்டாக மடக்கினார்கள். அங்கேயும் பக்கத்தில் சுவோமுசால்மியிலும் சேர்த்து நாற்பதுக்கு மேல் டாங்கி, ஆயிரத்துக்கு மேல் குதிரை, லாரிகள், பீரங்கிகள் கிடைத்தன. டாங்கி அடிக்கிற பீரங்கியும் அதில் உண்டு. இல்லாத சாமானே கையில் வந்து விழுந்தது.

மீனா அத்தை: குதிரைக்குத் தீனி யார் போட்டார்கள் அண்ணா?

பெரியப்பா: நல்ல கேள்வி மீனா. உன்னை ஸ்டோரில் சேர்த்திருக்கலாம்.

கார்த்தி: யூனிஃபார்ம்கூட எல்லோருக்கும் இல்லையாம் பெரியப்பா. தொப்பியில் குத்த ஒரு சின்னம், ஒரு பெல்ட், ஒரு ரைபிள். மற்றதெல்லாம் வீட்டு உடுப்பு. அதற்கு "கயாண்டர் மாடல்" என்று பெயர். கயாண்டர் அப்போதைய பிரதமர். துருப்பிடிக்கப் போகிற ஆயுதத்தில் பணத்தைப் போடவில்லை என்று அந்த வருஷம்தான் பெருமையாகப் பேசியிருக்கிறார்.

நித்யா: வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கார்த்தி: பனியில் மறைய வெள்ளை அங்கி. லோட்டா ஸ்வார்ட் என்று பெண்கள் அமைப்பு, சுமார் ஒரு லட்சம் பேர். தைப்பது, சமைப்பது, விமானம் வருகிறதா என்று கோபுரத்தில் நின்று பார்ப்பது எல்லாம் அவர்கள்தான். 1940இல் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, பதிலுக்கு இரும்பு மோதிரம் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மீனா அத்தை: 1962 சீனப் போரில் நம் அம்மாவும் பாதுகாப்பு நிதிக்கு மோதிரம் கொடுத்தாளே அண்ணா. அப்பாவுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

பெரியப்பா: ஒரு வாரம் இல்லை, ஒரு மாதம்.

சித்தப்பா: இதைத்தான் சொல்கிறேன். மன உறுதி இருந்தால் பாட்டிலை வைத்தே ஜெயிக்கலாம். பின்லாந்து காட்டியது! 💪

பெரியப்பா: தம்பி, பின்லாந்து ஜெயிக்கவில்லை.

சித்தப்பா: ஃபார்வர்டில் அப்படித்தானே வந்தது?

பெரியப்பா: பிப்ரவரி 11 அன்று சும்மா என்ற இடத்தில் சோவியத் பீரங்கிகள் அடித்த அடியில் அரண் உடைந்தது. திருப்பி அடிக்க இவர்களிடம் ஷெல், அதாவது பீரங்கிக் குண்டு, போதுமான அளவு இல்லை. எண்ணி எண்ணிச் சுட்டார்கள். பீரங்கிகளில் சில 1877 மாடல். ஒரு முறை சுட்டால் முழுதாகப் பின்னால் உருளும், மறுபடி தள்ளி வந்து குறி வைக்க வேண்டும். டாங்கிக்குப் பதில் பாட்டில் கண்டுபிடிக்கலாம். ஷெல்லுக்குப் பதில் எதைக் கண்டுபிடிப்பாய்?

சித்தப்பா: வெளிநாடு எதுவும் கொடுக்கவில்லையா?

பெரியப்பா: கொடுத்தார்கள், வந்து சேர வேண்டாமா? அமெரிக்காவில் 44 பிரூஸ்டர் போர் விமானம் வாங்கினார்கள். கப்பலில் நார்வே, அங்கிருந்து ஸ்வீடனுக்குக் கொண்டுபோய்ப் பாகங்களை ஒன்றுசேர்த்து, அப்புறம் பின்லாந்து. அந்தப் போரில் ஒன்றுகூடச் சண்டைக்குப் போகவில்லை. மார்ச் 13 அன்று போர் நின்றுவிட்டது. 105 நாள்தான். நாடு தப்பியது, ஆனால் எல்லையோரக் கரேலியாவில் பெரும்பகுதி சோவியத் கைக்குப் போயிற்று. நாலு லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வீட்டை விட்டு வந்தார்கள்.

நித்யா: அடப்பாவமே.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா அத்தை: என்ன அழித்தாய்?

சித்தப்பா: அந்த ஃபார்வர்டைத்தான்.

பெரியப்பா: கார்த்தி, அங்கே ஆள் இருந்தால் ஒன்று கேட்டுச் சொல். நாலரை லட்சம் பாட்டிலுக்கும் மூடி எங்கே கிடைத்தது?

கார்த்தி: பெரியப்பா, கடைசிப் படகு கிளம்புகிறது!

பெரியப்பா: சரி, நாளை போ. பாட்டில் என்ன அளவு என்றும் கேள்.