ஃபேர் டெஸ்ட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம். ஃபேர் டெஸ்ட்னா, ஒண்ண மட்டும் மாத்தி மத்த எல்லாத்தையும் ஒரே மாதிரி வச்சுப் பார்க்கிற அறிவியல் சோதனை. அதுக்கு என்ன தமிழ்ப் பேர் வைக்கலாம்னு மூணு நாளா வந்த மடல் எல்லாம் படிச்சேன், பதில் எழுத இன்னைக்கு ராத்திரிதான் நேரம் கிடைச்சுது.

> நியாயச் சோதனை, இல்லன்னா நடுவுநிலைச் சோதனைன்னு வைக்கலாமே. பொருள் அப்படியே வந்துடுது.

ஐயா, நடுவுநிலை அருமையான சொல், அதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா அது தீர்ப்பு சொல்றவர் மனசுல இருக்க வேண்டிய குணம். நாம பேசுறது மனசப் பத்தி இல்ல, சோதனையில எதை ஒரே மாதிரி வச்சோம் எதை மாத்தினோம்கிறதப் பத்தி.

போன வாரம் எங்க பள்ளியில நடந்தத சொல்றேன் (மலேசியாவுல பட்டர்வொர்த் பக்கம், சின்ன தமிழ்ப்பள்ளி). ஆண்டு 3 பிள்ளைங்க, சீனி சுடுதண்ணியில சீக்கிரம் கரையுமா பச்சத்தண்ணியிலயான்னு பார்க்கச் சொன்னேன், ரெண்டு கிளாஸ்லயும் ஒரே அளவு தண்ணி, ஆளுக்கு ஒரு கரண்டி சீனி, சுடுதண்ணி வச்சிருந்த பையன் ஆர்வத்துல கரண்டிய விட்டு கலக்க ஆரம்பிச்சிட்டான். உடனே பின்னாடி பெஞ்சிலருந்து "டீச்சர், கள்ளாட்டம்!"னு ஒரு சத்தம், இன்னொண்ணு மலாய்ல "தீப்பு, தீப்பு"ன்னு கத்துது. ஏன்மா கள்ளாட்டம்னு கேட்டேன். "சூட்டுல கரைஞ்சுதா கலக்கினதுல கரைஞ்சுதான்னு எப்படி டீச்சர் தெரியும்?"னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ஒன்பது வயசு! எனக்கு மேல சொல்லிக் கொடுக்க ஒண்ணுமே இல்ல. கருத்து அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு, விளையாட்டுலருந்தே வந்திருக்கு, நாம குடுக்க வேண்டியது ஒரு பேர் மட்டும்தான்.

அதனால அந்தப் பேரு கையால என்ன செய்யணும்னு சொல்லணும்ங்க. இங்கிலீஷ்ல இருக்கிற ஃபேர்ங்கிற சொல்லைத் தமிழ்ல போட்டா அது நடக்காது. ஒண்ண மாத்து, மத்ததத் தொடாதே, அவ்வளவுதான் விஷயம்.

> பாடநூல்லதான் வேரியபிளுக்கு 'மாறி'ங்கிற சொல் இருக்கே, ஒருமாறிச் சோதனைன்னு சொல்லிடலாம்.

தம்பி, இதத்தான் நானும் முதல்ல நினைச்சேன். ரெண்டு சிக்கல். மேல் வகுப்புக்குப் போனா தற்சார்பு மாறி (நாம மாத்துறது), சார்பு மாறி (அதனால மாறுறது), கட்டுப்படுத்தப்பட்ட மாறி (மாறாம வைக்கிறது)ன்னு மூணு வகை வரும், எல்லாமே மாறிதான், அப்ப ஒரு மாறிதான்னு சொன்னா தப்பாயிடும். இன்னொண்ணு காது சம்பந்தப்பட்டது. நம்ம பிள்ளைங்க "மாதிரி"ய "மாரி"ன்னுதான் பேசுது, அந்த மாரி இந்த மாரின்னு, நான் மாறின்னு சொன்னா அதுங்களுக்கு எது காதுல விழும்?

கோலாலம்பூர் அக்கா ஒருத்தங்க ஒன்றுமாற்று சோதனைன்னு எழுதியிருந்தாங்க. அழகா இருக்கு, வினைத்தொகை, அதனால ச் போடாம எழுதியிருக்காங்க, சரிதான். ஆனா யாராவது ஒரு ச் சேர்த்து மாற்றுச் சோதனைன்னு எழுதிட்டா வேற ஒரு பதில் சோதனைன்னு பொருள் போயிடும். பெரியவங்களே ஒற்றுல தடுமாறுற இடத்துல சின்னதுங்க சொல்லைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு வரல.

என் பரிந்துரை: ஒருமாற்றப் பரிசோதனை. மாற்றம் எல்லாருக்கும் தெரிஞ்ச சொல். சோதனைன்னு ஏன் போடலன்னா, நம்ம ஊர்ல சோதனைன்னா பரீட்சை, மாதச் சோதனைன்னு சொன்னாலே பிள்ளைங்களுக்கு வயித்தக் கலக்குது, சீனி கரைக்கிற நேரத்துல அந்த பயம் எதுக்கு. நீளமா இருக்கே? இருக்கட்டும், வகுப்புல "இது ஒருமாற்றமா இல்லையா?"ன்னு சுருக்கிக்கலாம். செய்யுறதுக்கு முன்னாடியே பிள்ளைங்க அதக் கேட்கணும், அதுதான் என் ஆசை.

> கதையா சொல்ல ஏதாவது உண்டா?

உண்டு. 1747ல ஜேம்ஸ் லிண்ட்னு ஒரு கப்பல் டாக்டர், சாலிஸ்பரிங்கிற கப்பல்ல ஸ்கர்வி வந்து ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகள எடுத்து ரெண்டு ரெண்டு பேரா ஆறு ஜோடியாக்கினார். எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே நிலை நோயாளிங்க, ஒரே இடத்துல படுக்கை, ஒரே அடிப்படைச் சாப்பாடு, மருந்து மட்டும் ஜோடிக்கு ஜோடி வேற, ஒரு ஜோடிக்கு வினிகர், ஒண்ணுக்குக் கடல்தண்ணி, ஒண்ணுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும், இப்படி. பழம் சாப்பிட்ட ரெண்டு பேரும்தான் சீக்கிரம் தேறினாங்க. வகுப்புல சொல்லும்போது பழத்த விட அந்த ஒரே இடம், ஒரே சாப்பாட்ட அழுத்திச் சொல்லுங்க. பழம் சாப்பிட்டவங்க நல்ல காத்து வர்ற இடத்துல படுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு கேளுங்க, நிச்சயம் யாராவது கள்ளாட்டம்னு சொல்லும்.

2003லருந்து அறிவியல இங்கிலீஷ்ல நடத்தின வருஷங்கள்ல ஃபேர் டெஸ்ட், ஃபேர் டெஸ்ட்னே சொல்லிப் பழகிட்டோம், தமிழுக்குத் திரும்பின பிறகும் நாக்குல அதுவே நிக்குது, அதனாலதான் இவ்வளவு கவலப்படுறேன்.

ஒரு உதவி வேணும். வீட்டுல ஏழுலருந்து பத்து வயசுக்குள்ள பிள்ள இருக்கிறவங்க, விளக்கம் ஏதும் குடுக்காம "ஒருமாற்றப் பரிசோதனைன்னா என்னவா இருக்கும்?"னு மட்டும் கேட்டு, அது சொன்னத அப்படியே இங்க எழுதுங்க. தப்பா சொன்னாலும் திருத்தாம எழுதுங்க, எனக்கு அதுதான் முக்கியம்.